சுபாங்கில் கிளம்பிய விமானமும் கலுங்குங் சாம்பலும்: ஒரு நிகழ்வு ஆய்வு

1982 ஜூன் 24. லண்டனிலிருந்து ஆக்லாந்துக்குப் போகும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9-ஆம் எண் விமானம், வழியில் பல ஊர்களில் நின்று போகும் அந்தக் காலத்து நீண்ட தடத்தில், கோலாலம்பூர் சுபாங் விமான நிலையத்தில் விமானிகளை மாற்றிக்கொண்டு பெர்த் நகரை நோக்கிக் கிளம்பியது. போயிங் 747-200 ரகம், நான்கு ரோல்ஸ் ராய்ஸ் என்ஜின்கள். பயணிகளும் ஊழியர்களுமாக 260 பேருக்கு மேல். நம் மலேசியக் கடிகாரத்தில் இரவு 9.40 தாண்டியதும், ஜாவாவுக்குத் தெற்கே 37,000 அடி உயரத்தில், சில நிமிடங்களுக்குள் நான்கு என்ஜின்களும் நின்றுபோயின. யாரும் சாகவில்லை.

இதை ஒரு விமானியின் துணிச்சல் கதையாகத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். துணிச்சல் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சுபாங்கில் என்ஜினைத் திறந்து பார்க்கிற வேலையில் இருப்பவனுக்கு முதலில் தோன்றும் கேள்வி வேறு. அந்த எரிமலை அன்றைக்குத்தான் வெடித்ததா? இல்லை. மேற்கு ஜாவாவில் தாசிக்மாலாயா பக்கத்தில் இருக்கும் கலுங்குங் மலை ஏப்ரல் 5-ஆம் தேதியே வெடிக்கத் தொடங்கிவிட்டது. ஜூன் 24 அதன் 81-ஆவது நாள். சுற்றுவட்டாரக் கிராமத்தார் வீட்டை விட்டு ஓடியிருந்தார்கள், எரிமலை ஆய்வாளர்கள் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள், பத்திரிகையில் படம் வந்திருந்தது. விமானி அறைக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இந்த ஆய்வில் நான் தேடுவது அந்த இடைவெளியை.

அன்றிரவு நடந்தது

முதலில் தெரிந்தது வெளிச்சம். கேப்டன் எரிக் மூடி அப்போது இருக்கையில் இல்லை. துணை விமானி ராஜர் கிரீவ்ஸும் விமானப் பொறியாளர் பாரி டவுன்லி ஃப்ரீமனும் முன்கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாக ஒளி தெறிப்பதைப் பார்த்தார்கள். நிலைமின்சாரம் ஏறினால் இப்படி வரும். செயின்ட் எல்மோ தீ என்பார்கள். வழக்கமாக இடிமேகத்துக்குப் பக்கத்தில்தான் அதைப் பார்க்கலாம். சரி, மேகம் எங்கே என்று ரேடாரைப் பார்த்தால் திரையில் ஒன்றுமே இல்லை.

விமானத்தில் இருக்கும் வானிலை ரேடார் நீர்த்துளியைத் தேடும் கருவி. மழைமேகம் நன்றாகத் தெரியும். உலர்ந்த, மாவு போன்ற சாம்பல் அதன் கண்ணுக்குப் படாது. வெளியே இருட்டு. ஆக, பார்க்கக்கூடிய கண் ஒன்றும் அந்த விமானத்தில் இல்லை.

பயணிகள் பக்கம் புகை வர ஆரம்பித்தது. விமானத்துக்குள் சிகரெட் பிடிக்க அனுமதி இருந்த காலம். முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் கந்தக வாடை. ஜன்னலோரம் இருந்தவர்கள், என்ஜினுக்கு உள்ளேயிருந்து விசிறித் தகடுகளின் இடுக்கு வழியே வெளிச்சம் அடிப்பதைக் கண்டார்கள். நான்காம் என்ஜின் முதலில் தடுமாறி அணைந்தது. ஒரு நிமிடத்துக்குள் இரண்டாவது. பிறகு ஒன்றும் மூன்றும் ஏறத்தாழ ஒரே மூச்சில்.

என்ஜின் இல்லாத 747 கல் மாதிரி விழாது. ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் முன்னால் போகும். 37,000 அடியிலிருந்து கணக்குப் போட்டால் 23 நிமிடம், 169 கிலோமீட்டர். ஜகார்த்தாவுக்குத் திரும்ப வேண்டுமென்றால் நடுவே ஜாவாவின் மலைகள். கரையைப் பத்திரமாகத் தாண்ட 11,500 அடி உயரமாவது கையில் இருக்க வேண்டும். 12,000 அடிக்குள் என்ஜின் பிடிக்காவிட்டால் கடல் பக்கம் திரும்பித் தண்ணீரில் இறக்குவது என்று மூடி முடிவு செய்தார். அந்த ரக விமானத்தை அதற்கு முன் யாரும் கடலில் இறக்கியது கிடையாது, அதுவும் இரவில்.

தகவல் தொடர்பும் கைகொடுக்கவில்லை. நான்கு என்ஜின்களும் நின்றுவிட்டன என்று கிரீவ்ஸ் சொன்னதை, நான்காம் எண் என்ஜின் நின்றுவிட்டது என்று ஜகார்த்தா புரிந்துகொண்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான்கும் சேர்ந்து நிற்கும் என்று யார்தான் எதிர்பார்ப்பார்கள்? பக்கத்தில் பறந்துகொண்டிருந்த, இந்தோனேசியாவின் கருடா நிறுவன விமானம் ஒன்று கேட்டு, சரியாக எடுத்துச் சொன்ன பிறகுதான் தரையில் இருந்தவர்களுக்கு விஷயம் விளங்கியது.

இதற்கிடையில் என்ஜின் நின்றதால் உள்ளே காற்றழுத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஆக்சிஜன் முகமூடியைப் போடப் போனால், கிரீவ்ஸின் முகமூடி கையோடு பிய்ந்து வந்தது. கேப்டனுக்கு முன்னால் இப்போது இரண்டு வழி. உயரத்தைக் காப்பாற்றினால் என்ஜினைக் கிளப்பப் பார்க்க நேரம் கிடைக்கும், ஆனால் பக்கத்து இருக்கையில் இருப்பவர் மயங்கிவிடுவார். மூச்சுவிடக் காற்றுள்ள உயரத்துக்கு வேகமாக இறங்கினால் அந்த நேரம் போய்விடும். நிமிடத்துக்கு 6,000 அடி வீதம் மூக்கைக் கீழே அழுத்தினார். விமானத்துக்கு மிச்சம் இருந்த ஒரே சொத்து உயரம்தான். அதைத் துணை விமானியின் மூச்சுக்காகச் செலவழித்தார். கிரீவ்ஸ் முகமூடியைச் சரிசெய்ததும் மறுபடி இறக்கத்தைக் குறைத்தார்கள்.

பயணிகளுக்கு மூடி சொன்ன அறிவிப்பு புகழ்பெற்றது. ஒரு சின்னப் பிரச்சினை, நான்கு என்ஜின்களும் நின்றுவிட்டன, மறுபடி ஓட வைக்க எங்களால் ஆனதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறோம், உங்களுக்கு அதிகம் சிரமம் இல்லை என்று நம்புகிறேன் என்கிற பொருளில் பேசினார். ஆங்கிலேயருக்கே உரிய அடக்கம் என்று இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. என்னைப் பொறுத்தவரை அதில் பெரிய விஷயம், உண்மையை மறைக்கவில்லை என்பது.

13,500 அடிக்கு வந்தபோது நான்காம் என்ஜின் பிடித்தது. பின்னாலேயே மூன்றாவது, பிறகு மற்ற இரண்டும். மலையைத் தாண்டக் கொஞ்சம் உயரம் வேண்டுமென்று 15,000 அடி நோக்கி ஏறியதும் கண்ணாடியில் பழைய வெளிச்சம் திரும்ப வந்தது. இரண்டாம் என்ஜின் மறுபடி தடதடத்தது. அதை அணைத்துவிட்டு, கீழே இறங்கி, மூன்று என்ஜினோடு ஜகார்த்தா ஹாலிம் விமான நிலையத்துக்கு வந்தார்கள்.

எனக்கு இந்த நிகழ்வில் வயிற்றைக் கலக்கும் இடம் இதற்குப் பிறகுதான். முன்கண்ணாடி முழுக்கத் தேய்ந்து மங்கிவிட்டது. ஓரத்தில் ஒரு குறுகிய கீற்று வழியாக மட்டும் ஓடுபாதை விளக்கு கொஞ்சம் தெரிகிறது. ஹாலிமின் வழிகாட்டிக் கருவியில் இடம் வலம் காட்டும் பகுதி வேலை செய்தது, எவ்வளவு உயரத்தில் வர வேண்டும் என்று காட்டும் பகுதி வேலை செய்யவில்லை. தூரத்தையும் உயரத்தையும் ஒருவர் கூட்டிக் கழித்துச் சொல்லச் சொல்ல, இன்னொருவர் இறக்கினார். ஓடுபாதையில் நின்ற பிறகும் தானாக நகர முடியவில்லை. நிறுத்துமிடத்து விளக்கின் வெளிச்சம் மங்கிய கண்ணாடி முழுக்கப் பரவிக் கண்ணை மறைத்துவிட்டது. இழுவை வண்டி வந்துதான் இழுத்துப்போனது.

என்ஜின் ஏன் நின்றது, ஏன் மறுபடி ஓடியது

எங்கள் ஹேங்கருக்குப் பயிற்சிக்கு வந்த பையன் ஒருநாள் கேட்டான்: “அண்ணே, சாம்பல்னா ஊதினா பறந்து போறதுதானே? அது எப்படி இவ்ளோ பெரிய என்ஜினை நிறுத்தும்?”

“தம்பி, அடுப்புச் சாம்பலை நினைக்காதே. இது எரிஞ்சு வந்தது இல்ல. உடைஞ்ச பாறை, கூடவே கண்ணாடித் தூள்.”

நல்ல வேளையாக அன்றைக்கு மேசையில் காட்ட ஒன்று இருந்தது. வளைகுடாப் பாலைவன நகரங்களுக்கு அதிகம் போய்வந்த ஓர் என்ஜினுக்குள் போரோஸ்கோப் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். விரல் தடிமன்கூட இல்லாத குழாய், நுனியில் கேமரா. எரிஅறையைத் தாண்டியதும் முதல் வரிசையில் நிற்கும் தகடுகள் திரையில் வந்தன. அந்தத் தகடுகளில் ஊசி குத்தியது போல வரிசையாகத் துளைகள் இருக்கும். உள்ளேயிருந்து அந்தத் துளைகள் வழியாகக் காற்று கசிந்து தகட்டைப் போர்த்திக்கொண்டு ஓடுவதால்தான், தகடு உருகாமல் அந்த வெப்பத்தில் நிற்கிறது. திரையில் பாதித் துளைகளின் விளிம்பில் பழுப்பு நிறத்தில் பளபளப்பாக ஏதோ பூசியிருந்தது. சிலவற்றின் வாய் ஏறக்குறைய மூடிவிட்டது. பாலைவன மண் உருகிக் கண்ணாடியாகி ஒட்டியது அது. பையன் திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து ரொம்ப நேரம் பார்த்தான்.

பாலைவனத் தூசு பல ஆயிரம் மணி நேரத்தில் செய்ததை எரிமலைச் சாம்பல் நிமிடங்களில் செய்துவிடும். சாம்பலில் இருக்கும் சிலிக்கேட் ஏறத்தாழ 1,100 டிகிரி செல்சியஸில் உருக ஆரம்பிக்கும். எரிஅறைக்குள் வெப்பம் அதைவிடப் பல நூறு டிகிரி அதிகம். உள்ளே போன தூள் உருகி, அடுத்து நிற்கும் தகடுகளில் அப்பிக்கொள்கிறது. காற்று வெளியேறும் வழி குறுகுகிறது. பின்னால் வழி இல்லாமல் முன்னால் அழுத்தம் கூடி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் அமுக்கிப் பகுதியில் காற்றோட்டம் குலைந்து, தீ அணைந்துவிடுகிறது. எரிபொருள் தீரவில்லை, ஒரு பாகமும் உடையவில்லை. மூச்சுக்குழாய் அடைபட்டது, அவ்வளவுதான்.

இனி வருவதுதான் இந்த நிகழ்வின் மையம். தீ அணைந்ததும் என்ஜின் ஆறுகிறது. வெளிக்காற்று உள்ளே புகுந்து சுழற்றிக்கொண்டே இருக்கிறது. உருகி ஒட்டியது இறுகி, வெடிப்பு விட்டு, சில்லுச் சில்லாகப் பெயர்ந்து போகிறது. அதே நேரத்தில் விமானம் இறங்கி இறங்கிச் சாம்பல் அடுக்கை விட்டு வெளியே வந்துவிடுகிறது. என்ஜின் மறுபடி பிடித்ததற்குக் காரணம் இவை இரண்டும். விமானிகள் திரும்பத் திரும்பக் கிளப்பிப் பார்த்ததும் முக்கியம்தான். அப்படி முயன்றுகொண்டே இருந்திராவிட்டால், ஓடக்கூடிய நிலைக்கு என்ஜின் வந்த கணம் வீணாகியிருக்கும். ஆனால் சாம்பலிலிருந்து வெளியே கொண்டுவந்தது அந்தக் கோளாறேதான். ஏன் கீழே இறங்கினால் நல்லது என்று அப்போது அங்கே யாருக்கும் தெரியாது, தங்களைச் சூழ்ந்திருப்பது சாம்பல் என்பதே தெரியாது.

ஏழு ஆண்டுக்குப் பிறகு இதற்கு நேர்மாறான சம்பவம் நடந்தது. 1989 டிசம்பர் 15, அலாஸ்காவில் ரிடவுட் எரிமலை. ஆங்கரேஜில் இறங்க வந்த கேஎல்எம் நிறுவனத்தின் 867-ஆம் எண் விமானம், வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத 747-400, சாம்பலுக்குள் நுழைந்தது. மேலே ஏறி வெளியே போய்விடலாம் என்று விமானிகள் முழு வேகம் கொடுத்தார்கள். முழு வேகம் என்றால் அதிக வெப்பம், அதிகக் காற்று, அதிகச் சாம்பல். நான்கு என்ஜின்களும் நின்றன. 14,000 அடிக்கும் அதிகமாக உயரத்தை இழந்த பிறகு திரும்ப ஓடின, எல்லோரும் பிழைத்தார்கள். பழுது பார்க்க ஆன செலவு ஏறத்தாழ 8 கோடி அமெரிக்க டாலர்.

இன்றைக்கு விமானிக்குக் கற்றுக்கொடுக்கும் நடைமுறை இந்த இரண்டு நிகழ்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியது போல இருக்கும்: ஏறாதே, வேகத்தைக் குறை, வந்த வழியே திரும்பு, முகமூடியைப் போடு. இயற்கையாக வரும் உந்துதலுக்கு இது எதிரானது. ஆபத்து என்றதும் கை தானாக வேகத்தைக் கூட்டத்தான் போகும். அதனால்தான் சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள்.

செய்தி நின்ற இடம்

ஜூன் 24-க்குப் பிறகு அந்த வான்வழியை மூடினார்கள். சில நாளில் திறந்துவிட்டார்கள். ஜூலை 13-ஆம் தேதி, சரியாக 19 நாள் கழித்து, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 747 ஒன்று அதே மலையின் சாம்பலில் சிக்கி மூன்று என்ஜின்களை இழந்தது. அதுவும் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கியது. முதல் சம்பவத்துக்கு அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. மலை இருக்கும் இடம் தெரியும், சாம்பல் என்ன செய்யும் என்று தெரியும், பழுதான என்ஜின்களையும் திறந்து பார்த்தாயிற்று. இல்லாமல் போனது, சாம்பல் இந்த நேரத்தில் எந்த உயரத்தில் எந்தத் திசையில் போகிறது என்று சொல்லும் ஓர் ஆள்.

அந்த ஆளை உருவாக்கப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் ஏற்பாட்டில் இன்று உலகத்தை ஒன்பது எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையங்கள் பங்கிட்டுப் பார்க்கின்றன. இந்தோனேசிய மலைகளைப் பார்ப்பது ஆஸ்திரேலியாவின் டார்வின் மையம். ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்புகிறது. அகச்சிவப்பு அலைகளில் இரண்டு வகையாகப் படம் எடுத்து ஒப்பிட்டால் நீர்மேகம் ஒரு மாதிரியும் சாம்பல் மேகம் இன்னொரு மாதிரியும் தெரியும். அதில் காற்றின் திசையைச் சேர்த்து, அடுத்த 18 மணி நேரத்துக்குச் சாம்பல் எங்கே போகும் என்று வரைந்து அனுப்புகிறார்கள். விமானி அறையில் சாம்பலைக் காணும் ரேடார் இன்றும் வழக்கத்தில் இல்லை. பார்ப்பது முழுக்க வெளியே நடக்கிறது.

நம் ஊரில் இது புரியாமல் போவதற்குப் புகைமூட்டமும் ஒரு காரணம். சுமத்ரா, கலிமந்தான் காட்டுத்தீயின் புகையில் கேஎல் கோபுரமே காணாமல் போன நாளிலும் விமானம் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் புகையால் வரும் முதல் தொல்லை பார்வைத் தூரம். அது போதுமான அளவு இருந்தால் இறங்கிவிடலாம். உருகி ஒட்டும் பாறைத்தூள் அதில் இல்லை. கண்ணுக்கு நேரே மூக்கை எரிக்கிற புகையில் விமானம் ஓடுகிறது, ஒன்றுமே தெரியாத நீல வானத்துக்கு விமானத்தை ரத்து செய்கிறார்கள். கேட்பவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

2024 நவம்பரில் அப்படித்தான் ஆனது. புளோரஸ் தீவின் லெவோதோபி லாக்கி லாக்கி மலை வெடித்து, பாலிக்குப் போகும் விமானங்கள் வரிசையாக ரத்தாயின. மலைக்கும் பாலி விமான நிலையத்துக்கும் இடையே சுமார் 800 கிலோமீட்டர். கிள்ளானில் இருக்கும் என் அத்தை விமான நிலையத்திலிருந்தே போன் அடித்தார்.

“ஏம்பா, நீ பிளேன் வேலைதானே பாக்குற? இங்க வானம் பளிச்சுன்னு இருக்கு. பாலியிலிருந்து மருமவன் படம் அனுப்புறாரு, அங்கயும் நல்ல வெயிலு. பிறகு என்னாத்துக்கு போகாதுங்குறானுங்க?”

“அத்தே, அது முப்பதாயிரம் அடிக்கு மேல மெல்லிசா பரவிக் கிடக்கும். கீழ இருந்து பார்த்தா தெரியாது. பக்கத்துல போனா விமானிக்கும் தெரியாது. அதுதான் பிரச்சினை.”

“அப்ப எவனுக்குத்தான் தெரியும்?”

“டார்வின்ல உக்காந்து பாக்குறவங்களுக்கு.”

அத்தைக்கு அது திருப்தியான பதிலாக இல்லை. என் பார்வையில் 1982-க்கும் 2024-க்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது. அன்று செய்தி இல்லாமல் விமானம் கிளம்பியது. இன்று செய்தி இருப்பதால் கிளம்பவில்லை.

ரத்து செய்வதை அளவுக்கு மீறிச் செய்கிறார்கள் என்ற வாதமும் உண்டு; அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைக்காக ஐரோப்பா வானத்தையே மூடியபோது ஏறத்தாழ ஒரு லட்சம் விமானப் பயணங்கள் ரத்தாயின. எவ்வளவு சாம்பலை ஓர் என்ஜின் தாங்கும் என்று அதுவரை யாரும் எண்ணிக்கையில் சொல்லி வைக்கவில்லை. ஒரு துளி இருந்தாலும் போகக்கூடாது என்பதுதான் விதி. பிறகுதான் ஒரு கனமீட்டர் காற்றில் இத்தனை மில்லிகிராம் என்று ஐரோப்பாவில் அளவு வகுத்தார்கள். என்ஜின் பக்கத்திலிருந்து பார்க்கிற எனக்கு அந்த எண்களில் முழு நம்பிக்கை வரவில்லை. சாம்பலுக்குச் சாம்பல் உருகும் வெப்பம் மாறும், என்ஜினுக்கு என்ஜின் வெப்பமும் மாறும். புதிய என்ஜின்கள் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக இன்னும் அதிகச் சூட்டில் ஓடுகின்றன, அவற்றின் குளிர்த்துளைகளும் இன்னும் நுணுக்கமானவை.

பயணியின் பக்கம் கடைசியாக வருவது பணக் கணக்கு. மலேசியாவின் 2016 விமானப் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பின்படி, விமானம் ரத்தானால் முழுப் பணத்தையும் கேட்கலாம் அல்லது வேறு பயணத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். 2024 செப்டம்பர் 2 முதல், ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானாலும், பயணம் வேண்டாம் என்றால் பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. தனியாகப் பதிவு செய்த ஹோட்டலுக்கு இந்த விதியில் இடமில்லை. அதற்குப் பயணக் காப்புறுதிதான் உதவும், அதிலும் தேதியைப் பார்க்க வேண்டும். எரிமலை வெடித்த செய்தி வெளியான பிறகு வாங்கிய காப்புறுதி, அந்த வெடிப்பால் வரும் இழப்பை வழக்கமாக ஏற்காது. முன்பே தெரிந்த நிகழ்வு என்று சொல்லிவிடுவார்கள். லெவோதோபியின் பெரிய வெடிப்பு நவம்பர் 3-ஆம் தேதி. அத்தை காப்புறுதி எடுத்தது அதற்குப் பிறகு. டிக்கெட் பணம் திரும்ப வந்தது, ஹோட்டல் பணம் வரவில்லை.

அதே மலை 2025 ஜூனிலும் ஜூலையிலும் பாலி விமானங்களை நிறுத்தியது. ஜூலை 7 அன்று சாம்பல் 18 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனது. அந்த வாரம் பாலிக்குக் கிளம்பவிருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், காப்புறுதி எடுத்த தேதியை முதலில் பாருங்கள் என்று அத்தையே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.